உங்க கம்பெனி பேர்ல வேற யாரோ மெயில் அனுப்பினா?

நாமக்கல்லில் முட்டைப் பண்ணை, லாரி பாடி கட்டும் பட்டறை. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி. சேலத்தில் ஜவ்வரிசி, வெள்ளிக் கொலுசு. இந்தத் தொழில்களில் பலவற்றுக்கும் இப்போது ஒரு வெப்சைட் இருக்கிறது, கம்பெனி பெயரிலேயே மெயில் முகவரியும் இருக்கிறது. அந்தப் பெயரைப் போட்டு யார் வேண்டுமானாலும் மெயில் அனுப்ப முடியும் என்பதும், அதைத் தடுக்க வேண்டிய வேலை டொமைன் வைத்திருப்பவருடையது என்பதும் பலருக்குத் தெரியாது. சேலத்தில் பல வருடமாக ஹோஸ்டிங், மெயில் வேலை பார்க்கும் ஒரு அக்காவிடம் இந்த எபிசோடில் பேசினோம். வாடிக்கையாளர்கள் அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் தன் பெயரும் வேண்டாம் என்றார். திரும்பத் திரும்ப வந்த இடங்களைக் குறைத்திருக்கிறோம். மற்றபடி பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.

ஒரு கன்டெய்னர் முட்டைக்கான பணம்

தொகுப்பாளர்: வணக்கங்க அக்கா. முதல்ல அந்த முட்டைக் கதையிலிருந்தே ஆரம்பிச்சுடலாமா?

விருந்தினர்: வணக்கம் தம்பி. ஆரம்பிக்கலாங்க. நாமக்கல் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட்டர், வளைகுடா நாடுகளுக்கு முட்டை அனுப்புறவர். ஒரு கன்டெய்னர்னா நாலரை லட்சம் முட்டைக்கு மேல போகும், அது சின்னப் பணம் இல்லைங்க. ஒரு நாள் அந்தப் பக்கத்து பார்ட்டியோட அக்கவுண்டன்ட் வாட்ஸ்அப்ல கூப்பிட்டிருக்காரு. "உங்க பேங்க் அக்கவுண்ட்ல ஆடிட் நடக்குது, நிலுவைப் பணத்தைப் புது அக்கவுண்ட்ல போடுங்கன்னு மெயில் அனுப்பியிருக்கீங்களே, அந்த பேங்க் இந்தியாவிலயே இல்லையே, ஏன்?"ன்னு கேட்டாரு. நம்ம ஆளுக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. இவர் அப்படி ஒரு மெயிலே அனுப்பல.

தொகுப்பாளர்: உடனே எல்லாரும் நினைக்கிறது, பாஸ்வேர்டைத் திருடிட்டாங்கன்னுதான்.

விருந்தினர்: அவரும் அப்படித்தான் நினைச்சாரு. ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன், "அக்கா, மெயிலை ஹேக் பண்ணிட்டாங்க"ன்னு. உள்ள போய்ப் பார்த்தா வெளியாள் லாகின் எதுவும் இல்ல, அனுப்பின மெயில் பட்டியல்லயும் அது இல்ல. அந்த பார்ட்டிகிட்ட மெயிலோட முழு ஹெடரை வாங்கிப் பார்த்தேன். அனுப்பினவர் இடத்துல இவரோட முகவரி, ஒரு எழுத்துகூட மாறல. ஆனா கிளம்பின சர்வர் எங்கயோ வெளிநாட்டுல. பதில் எழுதினா போய்ச் சேர்ற முகவரி மட்டும் ஒரு இலவச மெயில் ஐ.டி. அதாவது வீட்டுக்குள்ள யாருமே நுழையலைங்க. வெளியில நின்னுக்கிட்டே இவர் பேரைச் சொல்லியிருக்காங்க.

தொகுப்பாளர்: பணம் போயிடுச்சா?

விருந்தினர்: போகல. அந்த அக்கவுண்டன்ட் ஒரு போன் போட்டதால தப்பிச்சது. இவரோட டொமைனைத் தேடிப் பார்த்தேன். "இந்தப் பேர்ல யார் மெயில் அனுப்பலாம்"னு சொல்ற ஒரு வரிகூட இல்ல. வெப்சைட் ஆறு வருஷமா ஓடிட்டிருந்துச்சு.

லெட்டர்பேடை யாரும் அச்சடிக்கலாம்

தொகுப்பாளர்: அனுப்புறவர் பேரை இஷ்டத்துக்குப் போட எப்படி விட்டாங்க? அதுதான் புரியவே மாட்டேங்குது.

விருந்தினர்: மெயில் ஒரு சர்வர்ல இருந்து இன்னொரு சர்வருக்குப் போற முறைக்கு எஸ்.எம்.டி.பி.ன்னு பேரு. 1982-ல ஜான் போஸ்டல் எழுதினது. அன்னைக்கு நெட்வொர்க்ல இருந்தது பல்கலைக்கழகம், ஆராய்ச்சி நிலையம் மாதிரி கொஞ்சம் பேருதான். அனுப்புறவர் சொல்ற பேரை நம்புறதுல யாருக்கும் சிக்கல் இல்ல. அடிப்படையில இன்னைக்கும் அதே முறைதான் ஓடுது.

இதுல ஒரு விஷயத்தை மனசுல வாங்கிக்கிட்டா மீதி எல்லாம் சுலபம். ஒரு மெயில்ல அனுப்புநர் பேரு ரெண்டு இடத்துல இருக்கு. தபால் கவர் மேல ஒண்ணு. கவருக்குள்ள இருக்கிற லெட்டர்பேடுல ஒண்ணு. கவரை சர்வர்கள் மட்டும்தான் பார்க்கும். நாம போன்ல, கம்ப்யூட்டர்ல பார்க்கிறது லெட்டர்பேடை. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயமே இல்ல.

தொகுப்பாளர்: உங்க லெட்டர்பேடை நான் ஏதாவது ஒரு பிரஸ்ல கொடுத்து அச்சடிச்சுக்கலாம்ங்கிற மாதிரி.

விருந்தினர்: அதேதாங்க. அதுக்கு உங்க ஆபீஸ் பூட்டை உடைக்கத் தேவையில்லையே.

எஸ்.பி.எஃப்.: யார் வண்டியில லோடு வரலாம்

தொகுப்பாளர்: சரிங்க, இப்ப பூட்டுக்கு வருவோம். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க்னு மூணு பேரு சொல்றாங்க. பேரைக் கேட்டாலே ஓடத் தோணுது.

விருந்தினர்: நீங்க நாமக்கல்காரர், லாரியை வெச்சே சொல்லிடறேன். உங்க கம்பெனி லோடு ஒண்ணு வெளியூர் குடோனுக்குப் போகுது. குடோன் வாட்ச்மேனுக்கு உங்களைத் தெரியாது. அதனால நீங்க உங்க ஆபீஸ் வாசல்ல ஒரு போர்டு எழுதி மாட்டுறீங்க: "எங்க லோடு இந்தந்த நம்பர் வண்டியில மட்டும்தான் வரும்." வாட்ச்மேன் அந்த போர்டைப் பார்த்துட்டு, வந்து நிக்கிற வண்டி நம்பரோட ஒப்பிடுறாரு. எஸ்.பி.எஃப். அவ்வளவுதான். வண்டி நம்பர்னா இங்க சர்வரோட ஐ.பி. முகவரி. போர்டுன்னா உங்க டொமைனோட டி.என்.எஸ்.ல போடுற ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டு.

தொகுப்பாளர்: ஒரே வரிதானே?

விருந்தினர்: ஒரே வரிதான், ஆனா அதுலயே நிறைய பேர் தடுக்கி விழறாங்க. முதல் தப்பு, ரெண்டு எஸ்.பி.எஃப். ரெக்கார்டு போடுறது. பழைய ஹோஸ்டிங்காரர் ஒண்ணு போட்டிருப்பாரு. அப்புறம் ஜோஹோவுக்கோ கூகுளுக்கோ மாறும்போது அவங்க சொன்னாங்கன்னு இன்னொண்ணு சேர்த்துடுவாங்க. ஒரு டொமைனுக்கு ஒண்ணுதான் இருக்கணும். ரெண்டு இருந்தா ரெண்டும் செல்லாது. எல்லாத்தையும் ஒரே வரிக்குள்ள கொண்டு வரணும்.

ரெண்டாவது, "அவங்க பட்டியலையும் சேர்த்துக்கோ, இவங்க பட்டியலையும் சேர்த்துக்கோ"ன்னு அடுக்கிக்கிட்டே போறது. சரிபார்க்கிற சர்வர் மொத்தம் பத்து தடவை வரைக்கும்தான் டி.என்.எஸ்.ல தேடிப் பார்க்கும். அதுக்கு மேல போச்சுன்னா பிழைன்னு சொல்லி விட்டுடும். மூணாவது, அந்த வரியோட கடைசி. "மைனஸ் ஆல்"னு முடிஞ்சா மத்தவங்க யாரும் கூடாதுன்னு அர்த்தம். "டில்டே ஆல்"னா சந்தேகப்படுன்னு அர்த்தம். "பிளஸ் ஆல்"னா உலகத்துல யார் வேணும்னாலும் அனுப்பலாம். அதையும் போட்டு வெச்சிருக்காங்க தம்பி, நானே பார்த்திருக்கேன்.

தொகுப்பாளர்: அதுக்கு போர்டு மாட்டாமலே இருந்திருக்கலாம்.

விருந்தினர்: ஆமாங்க. இன்னொரு விஷயம் சொல்லணும், இது எங்க ஹோஸ்டிங் தொழிலோட விஷயம். குறைஞ்ச விலை ஹோஸ்டிங்ல ஒரே சர்வர்ல நூத்துக்கணக்கான வெப்சைட் இருக்கும். எல்லாத்துக்கும் பெரும்பாலும் ஒரே ஐ.பி. நீங்க அந்த ஐ.பி.யை உங்க போர்டுல எழுதினா, சர்வரை ஒழுங்கா அமைக்காத இடத்துல, அதே சர்வர்ல இருக்கிற வேற ஒரு வெப்சைட்டைப் பிடிச்சவன் உங்க பேர்ல மெயில் விடலாம். வண்டி நம்பர் சரியாத்தான் இருக்கும், ஏத்தினவன்தான் வேற ஆள். அதே மாதிரி, பக்கத்து வெப்சைட்காரன் ஸ்பேம் அனுப்பி அந்த ஐ.பி. கறுப்புப் பட்டியல்ல போச்சுன்னா உங்க கொட்டேஷனும் ஸ்பேம் பெட்டிக்குப் போகும். அதனாலதான் நான் எப்பவும் சொல்றது: வெப்சைட் எங்க வேணும்னாலும் இருக்கட்டும், மெயிலை மட்டும் தனி மெயில் சர்வீஸ்ல வெச்சுக்குங்க.

டி.கே.ஐ.எம்.: லோடு மேல சீல்

தொகுப்பாளர்: அடுத்தது டி.கே.ஐ.எம்.

விருந்தினர்: நாமக்கல்ல கேஸ் டேங்கர்காரங்க நிறைய பேர் இருக்காங்களே. டேங்கர் கிளம்புறப்ப வால்வுக்கு சீல் போட்டு அனுப்புவாங்க இல்லையா? இறக்குற இடத்துல சீல் உடையாம இருக்கான்னு பார்ப்பாங்க. டி.கே.ஐ.எம். அந்த சீல். உங்க மெயில் சர்வர்கிட்ட ஒரு ரகசிய சாவி இருக்கும். ஒவ்வொரு மெயில் கிளம்பும்போதும் அதோட உள்ளடக்கத்தையும் முக்கியமான தலைப்பு வரிகளையும் வெச்சு ஒரு கையெழுத்துப் போடும். அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கிற பொது சாவி உங்க டி.என்.எஸ்.ல எல்லார் கண்ணுக்கும் தெரியிற மாதிரி இருக்கும். நடுவுல யாராவது தொகையையோ அக்கவுண்ட் நம்பரையோ மாத்தினா கையெழுத்து ஒத்துப்போகாது.

இதுல ஒரு நன்மை, மெயில் எந்த வழியில போனாலும் சீல் கூடவே போகும். எஸ்.பி.எஃப். அப்படி இல்ல. உங்க மெயிலை ஒருத்தர் தானா ஃபார்வர்டு ஆகுற மாதிரி வெச்சிருந்தா, அது அவரோட சர்வர்ல இருந்து வேற சர்வருக்குப் போகும். அங்க வண்டி நம்பர் மாறிடும், எஸ்.பி.எஃப். தோத்துடும். நடுவுல யாரும் மெயிலைத் தொடாத வரைக்கும் சீல் நிக்கும்.

தொகுப்பாளர்: சாவி சின்னதா இருந்தா ஆபத்துன்னு சொல்வாங்களே?

விருந்தினர்: அதுக்கு நல்ல கதை இருக்கு. ஜாக்கரி ஹாரிஸ்னு அமெரிக்காவுல ஒரு கணிதக்காரர். அவருக்கு கூகுள்ல இருந்து வேலைக்குக் கூப்பிட்டு மெயில் வந்துச்சு. நிஜமா பொய்யான்னு சந்தேகப்பட்டு ஹெடரைப் பார்த்தாரு. கூகுளோட டி.கே.ஐ.எம். சாவி 512 பிட்தான். இது தன்னைச் சோதிக்கத்தான் வெச்சிருக்காங்க போலன்னு நினைச்சு, சாவியை உடைச்சு, கூகுள் நிறுவனர் செர்கே பிரின் அனுப்புற மாதிரி இன்னொரு நிறுவனர் லாரி பேஜுக்கே ஒரு மெயில் போட்டாரு. பதில் எதுவும் வரல. ஆனா ரெண்டே நாள்ல சாவி 2048 பிட்டா மாறிடுச்சு. 2012-ல இது செய்தியா வந்துச்சு. கூகுளுக்கே அந்த நிலைமைன்னா நம்ம எம்மாத்திரம். இன்னைக்குப் புதுசா போடுறவங்க 2048-ஐயே போடுங்க. சாவி நீளமா இருக்கும், டி.என்.எஸ்.ல ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் கொள்ளும். காப்பி பண்ணும்போது பாதி அறுந்துடுச்சான்னு பார்த்துக்கணும்.

டிமார்க்: பொருந்தலைன்னா என்ன செய்யணும்

தொகுப்பாளர்: வண்டி நம்பர் இருக்கு, சீல் இருக்கு. இதுக்கு மேல டிமார்க் எதுக்குங்க?

விருந்தினர்: இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. கவர், லெட்டர்பேடுன்னு சொன்னேன் இல்லைங்களா? எஸ்.பி.எஃப். கவரை மட்டும்தான் பார்க்கும். ஒரு திருடன் கவர் மேல தன்னோட சொந்த டொமைனை எழுதி, அதுக்கு ஒழுங்கா எஸ்.பி.எஃப்.பும் போட்டு, உள்ள உங்க லெட்டர்பேடை வெச்சா, எஸ்.பி.எஃப். பாஸ்! சீலும் அப்படித்தான். அவன் தன்னோட சொந்த சீலை ஒழுங்காப் போட்டு அனுப்பலாம்.

டிமார்க் கேக்குறது ஒரே கேள்வி. கவர்ல இருக்கிற பேராவது, சீல்ல இருக்கிற பேராவது, லெட்டர்பேடுல இருக்கிற பேரோட பொருந்துதா? ரெண்டுல ஒண்ணு சரியா இருந்து, அது பொருந்தினாப் போதும். ரெண்டுமே பொருந்தலைன்னா என்ன செய்யணும்னு டொமைன்காரர் நீங்க முன்னாடியே எழுதி வெச்சுடலாம். "நன்"னு போட்டா சும்மா விடு, எனக்குத் தகவல் மட்டும் சொல்லு. "குவாரண்டைன்"னு போட்டா ஸ்பேம் பெட்டியில தள்ளு. "ரிஜெக்ட்"னு போட்டா வாசல்லயே திருப்பி அனுப்பு.

தொகுப்பாளர்: அப்ப நேரா ரிஜெக்ட் போட்டுட வேண்டியதுதானே?

விருந்தினர்: அவசரப்படக் கூடாதுங்க. 2014 ஏப்ரல்ல யாஹூ தன்னோட டொமைனுக்கு ரிஜெக்ட் போட்டாங்க. யாஹூ முகவரியில இருந்து மெயில் குழுக்களுக்கு எழுதினவங்களோட மெயில் எல்லாம் உலகம் பூரா திரும்பி வந்துச்சு. குழு மெயில்ல சர்வர் மாறும், தலைப்புல குழுப் பேரைச் சேர்ப்பாங்க, சீல் உடையும். எண்ணம் நல்லதுதான், ஆனா நேர்மையா எழுதினவங்களும் சேர்ந்து அடி வாங்கினாங்க. உங்க பேர்ல யார் யார் நியாயமா அனுப்புறாங்கன்னு தெரியாம கதவை மூடினா உங்க ஆளுங்களே வெளிய நிப்பாங்க.

அதே சமயம் இன்னொரு பக்கமும் இருக்கு. "நன்" போட்டுட்டு வேலை முடிஞ்சுதுன்னு வருஷக்கணக்கா விட்டுடறாங்க. நன்ங்கிறது பூட்டு இல்லைங்க, வாசல்ல மாட்டின கேமரா. திருடன் வர்றதைப் பதிவு பண்ணும், தடுக்காது.

ரிப்போர்ட்ல என்ன தெரிஞ்சது

தொகுப்பாளர்: அந்த எக்ஸ்போர்ட்டருக்கு என்ன செஞ்சீங்க?

விருந்தினர்: முதல் நாள் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., கூடவே டிமார்க் நன். டிமார்க் வரியிலயே ஒரு மெயில் முகவரி கொடுத்தா, கூகுள், மைக்ரோசாஃப்ட் மாதிரி பெரிய இடங்கள்ல இருந்து பெரும்பாலும் தினமும் ஒரு ரிப்போர்ட் வரும். உங்க பேர்ல எந்த ஐ.பி.யில இருந்து எத்தனை மெயில் வந்துச்சு, எஸ்.பி.எஃப். என்ன ஆச்சு, டி.கே.ஐ.எம். என்ன ஆச்சுன்னு இருக்கும். மெயில்ல என்ன எழுதியிருந்ததுன்னு அதுல இருக்காது. வெறும் எக்ஸ்.எம்.எல். கோப்பு, கண்ணால படிக்கிறது கஷ்டம். படிச்சு அட்டவணையாக் காட்டுற டூல்ஸ் இருக்கு, சின்ன கம்பெனிக்கு இலவசமானதே போதும்.

மூணு வாரம் பார்த்தோம். ஆபீஸ்காரங்களுக்கே ஞாபகம் இல்லாத ரெண்டு இடம் வெளிய வந்துச்சு. பில்லிங் சாஃப்ட்வேர் வேற ஒரு சர்வீஸ் வழியா இன்வாய்ஸ் அனுப்பிட்டிருந்துச்சு. வெப்சைட்டோட என்கொயரி ஃபார்ம் ஹோஸ்டிங் சர்வர்ல இருந்து அனுப்பிட்டிருந்துச்சு. ரெண்டையும் சரி பண்ணினோம். அதுக்கப்புறம் மிச்சமா பொருந்தாம நின்னது எல்லாம் சம்பந்தமே இல்லாத நாட்டு ஐ.பி.ங்க. அப்பதான் குவாரண்டைன். இன்னும் ஒரு மாசம் பார்த்துட்டு ரிஜெக்ட். மொத்தம் ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு.

தொகுப்பாளர்: அந்த மாதிரி மெயில் இனிமே அந்த பார்ட்டிக்குப் போகாதா?

விருந்தினர்: அவங்க மெயில் சர்வர் டிமார்க்கைப் பார்க்கிற சர்வரா இருந்தா போகாது. நீங்க போர்டு மாட்டலாம், ஆனா வாட்ச்மேன் அதைப் படிக்கணுமே. ஜிமெயில், அவுட்லுக், யாஹூ மாதிரி பெரிய சர்வீஸ் எல்லாம் படிக்குது. ஆபீஸ்ல தனியா ஒரு பழைய சர்வர் வெச்சிருக்கிற பார்ட்டின்னா உத்தரவாதம் கிடையாது.

காணாமப் போற என்கொயரி

தொகுப்பாளர்: என்கொயரி ஃபார்ம்னு சொன்னீங்க. "வெப்சைட்ல இருந்து ஒரு என்கொயரியும் வர்றதில்ல"ன்னு பாடி கட்டுற பட்டறைக்காரங்க சொல்லிக் கேட்டிருக்கேன்.

விருந்தினர்: அதுல பாதிக்குக் காரணம் இதுதாங்க. ஒருத்தர் உங்க வெப்சைட்டுக்கு வந்து தன்னோட ஜிமெயில் முகவரியைப் போட்டு, "டிப்பர் பாடிக்கு என்ன விலை"ன்னு கேக்குறாரு. ஃபார்ம் எழுதினவர், அந்த ஜிமெயில் முகவரியே அனுப்புநரா இருக்கிற மாதிரி எழுதி வெச்சிருப்பாரு. யோசிச்சுப் பாருங்க, உங்க ஹோஸ்டிங் சர்வர் ஜிமெயில் பேர்ல மெயில் அனுப்புது. நாம திருடன்னு யாரைச் சொல்றோமோ அவன் பண்ற வேலையை நம்ம வெப்சைட்டே பண்ணுது. அப்புறம் ஸ்பேம்ல போகாம என்ன ஆகும்?

சரியான வழி, அனுப்புநர் உங்க டொமைன் முகவரியா இருக்கணும், கஸ்டமரோட முகவரி பதில் அனுப்புற இடத்துல இருக்கணும். ஃபார்ம், ஹோஸ்டிங் சர்வர்ல இருந்து நேரா அனுப்பாம, உங்க மெயில் சர்வீஸ்ல லாகின் பண்ணி அனுப்பணும். வேர்ட்பிரஸ்னா ஒரு பிளகின் போட்டா அரை மணி நேர வேலை.

தொகுப்பாளர்: 2024-ல ஜிமெயில் புது விதி கொண்டு வந்தாங்களே, அதுவும் இதோட சேர்ந்ததுதானா?

விருந்தினர்: ஆமாங்க. 2024 பிப்ரவரியில இருந்து ஜிமெயிலும் யாஹூவும் கட்டாயப்படுத்தினாங்க. ஜிமெயிலுக்கு யார் மெயில் அனுப்பினாலும் எஸ்.பி.எஃப். இல்லைன்னா டி.கே.ஐ.எம்., ஒண்ணாவது இருக்கணும். ஒரே நாள்ல 5,000 மெயிலுக்கு மேல ஜிமெயில்காரங்களுக்கு அனுப்புறவங்களுக்கு மூணும் வேணும், விளம்பர மெயில்னா ஒரே கிளிக்ல விலகுற வசதியும் வேணும். ஸ்பேம்னு புகார் பண்றவங்க 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. 2025 மே மாசத்துல மைக்ரோசாஃப்டும் அவுட்லுக் டாட் காமுக்கு இதே மாதிரி விதி போட்டாங்க. நம்ம ஊர்ல 5,000 அனுப்புறவங்க கம்மிதான். ஆனா முதல் விதி பத்து மெயில் அனுப்புறவங்களுக்கும் உண்டு.

சாவி யாருகிட்ட இருக்கு?

தொகுப்பாளர்: கேக்குறவங்க இப்ப வீட்டுல உக்காந்து செய்யலாம்னு நினைச்சா, முதல் தடங்கல் எங்க வரும்?

விருந்தினர்: டெக்னிக்கல் விஷயத்துல வராதுங்க. "டி.என்.எஸ். லாகின் எங்க இருக்கு?"ன்னு கேட்பேன். "வெப்சைட் பண்ணிக் கொடுத்த தம்பிகிட்ட இருக்குது"ம்பாங்க. "அவர் எங்க?" "பெங்களூரு போயிட்டாரு, நம்பர் மாத்திட்டாரு." டொமைனே அந்தத் தம்பி பேர்ல பதிவாகியிருக்கும். இருபது வருஷமா சம்பாதிச்ச கம்பெனி பேரு, ஆனா இன்டர்நெட்ல அது இவங்களுக்குச் சொந்தம் இல்ல. இதைச் சொல்றப்ப அவங்க முகம் மாறும் பாருங்க, எனக்கே கஷ்டமா இருக்கும்.

அதனால முதல் வேலை, டொமைன் உங்க பேர்ல, உங்க மெயில் முகவரியில, உங்க போன் நம்பர்ல பதிவாகியிருக்கான்னு பாருங்க. ரெண்டாவது, நேம்சர்வர் எங்க இருக்குன்னு பாருங்க. டொமைன் ஒரு இடத்துல, ஹோஸ்டிங் ஒரு இடத்துல, மெயில் ஒரு இடத்துலன்னு இருக்கும். ஹோஸ்டிங்கோட சி-பேனல்ல ரெக்கார்டு எல்லாம் போட்டுட்டு, "அக்கா, ரெண்டு நாளாச்சு, வேலை செய்யல"ம்பாங்க. நேம்சர்வர் டொமைன் வாங்கின இடத்துல இருக்கும். ஆள் இல்லாத வீட்டு வாசல்ல போர்டு மாட்டின கதை அது.

தொகுப்பாளர்: வாங்கி வெச்சுட்டுப் பயன்படுத்தாம இருக்கிற டொமைன்?

விருந்தினர்: நல்ல கேள்வி. திருடனுக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான், யாரும் கவனிக்க மாட்டாங்க. அதுல மெயிலே அனுப்புறதில்லைன்னா, எஸ்.பி.எஃப்.ல வெறும் "மைனஸ் ஆல்", டிமார்க்ல நேரா "ரிஜெக்ட்". அங்க காத்திருக்கத் தேவையில்ல.

இந்தப் பூட்டு காப்பாத்தாத இடம்

தொகுப்பாளர்: மூணையும் போட்டாச்சு. நிம்மதியாத் தூங்கலாமா?

விருந்தினர்: உங்க பேரை அப்படியே போடுறவனை இது தடுக்கும். பேரை லேசா மாத்துறவனைத் தடுக்காது. ஒரு எழுத்து கூட்டி, ஒரு எழுத்து குறைச்சு புது டொமைன் வாங்கி, அதுக்கு ஒழுங்கா மூணு ரெக்கார்டும் போட்டு அனுப்பினா எல்லாம் பாஸ் ஆகும். நிஜமாவே உங்க பாஸ்வேர்டைத் திருடி உள்ள வந்தவனையும் தடுக்காது. அதுக்கு ரெண்டு கட்ட சரிபார்ப்பு வேணும். போன்ல மெயில் பார்க்கும்போது பேரு மட்டும்தான் தெரியும், முகவரி தெரியாது. அங்க உங்க முதலாளி பேரைப் போட்டு ஏதோ ஒரு ஜிமெயில்ல இருந்து வர்றதையும் இது பிடிக்காது.

பெரிய கம்பெனிகளே ஏமாந்திருக்காங்க. லிதுவேனியா நாட்டுக்காரர் எவால்டாஸ் ரிமசாஸ்கஸ். கூகுளும் ஃபேஸ்புக்கும் தைவான்ல ஒரு கம்பெனிகிட்ட கம்ப்யூட்டர் சாமான் வாங்கிட்டிருந்தாங்க. இவர் அதே பேர்ல வேற நாட்டுல ஒரு கம்பெனி பதிவு பண்ணி, போலி மெயில், போலி இன்வாய்ஸ், போலி ஒப்பந்தம், போலி ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் போட்டு, 2013-லிருந்து 2015-க்குள்ள 10 கோடி டாலருக்கு மேல வாங்கிட்டாரு. 2019 டிசம்பர்ல அமெரிக்க கோர்ட் அஞ்சு வருஷம் சிறைத் தண்டனை கொடுத்துச்சு. அங்க மட்டும் தொழில்நுட்பத்துக்கு என்ன குறைச்சல்?

தொகுப்பாளர்: அப்ப கடைசிப் பூட்டு எது?

விருந்தினர்: போன்தாங்க. "அக்கவுண்ட் நம்பர் மாறிடுச்சு"ன்னு யார் மெயில் அனுப்பினாலும், ஏற்கெனவே உங்க டைரியில இருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்க. அந்த மெயில்ல கொடுத்திருக்கிற நம்பருக்கு இல்ல. உங்க பார்ட்டிகிட்டயும் முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க: "எங்க பேங்க் விவரத்தை நாங்க மெயில்ல மாத்தவே மாட்டோம்." அந்த எக்ஸ்போர்ட்டர் இப்ப ஒவ்வொரு இன்வாய்ஸ் அடியிலயும் அந்த வரியை அச்சடிக்கிறாரு.

ஒருவேளை பணம் போயிட்டா வெட்கப்பட்டு மறைக்காதீங்க. உடனே 1930-க்குக் கூப்பிடுங்க, கூடவே பேங்குக்கும் சொல்லுங்க. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்துல புகார் பதியுங்க. வெளிநாட்டுப் பார்ட்டி அனுப்பின பணம்னா அவங்க பேங்கை நிறுத்தச் சொல்லணும். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

தொகுப்பாளர்: பேங்க்காரங்களோட முகவரிகூட மாறியிருக்கே?

விருந்தினர்: ஆமாங்க, 2025 அக்டோபர் 31-க்குள்ள எல்லா பேங்க்கும் "பேங்க் டாட் இன்"னு முடியிற டொமைனுக்கு மாறணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தாங்க. பேங்க்குகளுக்கு மட்டும்தான் அந்தப் பேரு கிடைக்கும். பேரு பார்த்தே நிஜமா போலியான்னு தெரியட்டும்னுதான். நமக்கு அந்த மாதிரி தனிப் பேரை யாரும் ஒதுக்கித் தர மாட்டாங்க. நம்ம பேரை நாமதான் காப்பாத்திக்கணும்.

இன்னைக்கு என்ன செய்யலாம்

தொகுப்பாளர்: கேட்டுக்கிட்டிருக்கவங்களுக்கு வரிசையா சொல்லிடுங்கக்கா.

விருந்தினர்: ஒண்ணு, டொமைன் யார் பேர்ல இருக்கு, லாகின் யாருகிட்ட இருக்குன்னு பாருங்க. ரெண்டு, உங்க பேர்ல மெயில் அனுப்புற இடத்தை எல்லாம் ஒரு தாள்ல எழுதுங்க. ஆபீஸ் மெயில், பில்லிங் சாஃப்ட்வேர், வெப்சைட் ஃபார்ம், விளம்பர மெயில் எதுவும் விடக் கூடாது. மூணு, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு எஸ்.பி.எஃப். வரி. நாலு, ஒவ்வொரு இடத்துலயும் டி.கே.ஐ.எம்.-ஐ ஆன் பண்ணுங்க. அஞ்சு, டிமார்க் நன் போட்டு ரிப்போர்ட் பாருங்க. ஆறு, காலண்டர்ல ரெண்டு மாசம் தள்ளி ஒரு தேதி குறிச்சு வெச்சு, அன்னைக்கு ரிஜெக்ட் போடுற அளவுக்கு வந்துட்டோமான்னு பாருங்க. தேதி குறிக்கலைன்னா நன்லயே நின்னுடும்.

சரியா இருக்கான்னு பார்க்க, உங்க ஆபீஸ் முகவரியில இருந்து உங்க சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மெயில் போடுங்க. கம்ப்யூட்டர்ல திறந்து, மூணு புள்ளி மெனுவுல "ஷோ ஒரிஜினல்"னு இருக்கும். அதை அழுத்தினா மேலயே எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூணும் பாஸா ஃபெயிலான்னு காட்டும்.

தொகுப்பாளர்: செலவு எவ்வளவு ஆகும்?

விருந்தினர்: ரெக்கார்டு போடுறதுக்கு ஒத்தை ரூபாய்கூட இல்லைங்க. உக்காந்து பார்க்கிற நேரம்தான். அந்த எக்ஸ்போர்ட்டர் என்கிட்ட கேட்டாரு, "இதை ஏங்க்கா ஆறு வருஷமா எனக்கு யாருமே சொல்லலை?"ன்னு. ஹோஸ்டிங் விக்கிறவங்க எல்லாரும் யோசிக்க வேண்டிய கேள்வி அது, நானும் சேர்த்துத்தான். இப்பெல்லாம் வெப்சைட் ஒப்படைக்கிற அன்னைக்கே இந்த மூணையும் போட்டு, லாகினை ஒரு கவர்ல எழுதி முதலாளி கையில கொடுத்துடறேன்.

தொகுப்பாளர்: கேட்டுக்கிட்டிருக்கவங்க இந்த வாரம் அந்த "ஷோ ஒரிஜினல்" மட்டுமாவது பார்த்துடுங்க. ஃபெயில்னு வந்தா பயப்பட வேண்டாம், ரெண்டாவது வரியிலிருந்து ஆரம்பிங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.